கையடக்க விளையாட்டுக் கணினி: எடைபோட்டு வாங்குவோம்!



ஒருநாள் இரவு கடை அடைக்கும் நேரம். மளிகை மொத்தமும் சில்லறையும் சேர்த்து நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். முகத்தில் தெளிவில்லை. தீபாவளிச் சரக்குக்குப் பணம் புரட்டுவதில் ஏதோ சிக்கல் என்று நினைத்தோம். விஷயம் வேறு.

"அண்ணாச்சி, பையன் என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். கையில் வைத்து விளையாடுகிற கம்ப்யூட்டர் வேண்டுமாம். எழுபதாயிரம் ஆகும் என்கிறான். அதிலும் ஒன்றிரண்டு இல்லை, ஏழெட்டு மாதிரி இருக்கிறதாம். முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. வாங்கிக் கொடுக்கத் தைரியமும் வரவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. கல்லூரியில் பிள்ளைகள் படிக்கும் பல வணிகர் வீடுகளில் இன்று கேட்கும் கேள்விதான். விளையாட்டுச் சாமான்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. சர்க்கரை, எண்ணெய் போன்ற சரக்கில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ரூ.70,000 கைக்கு வர ரூ.14 லட்சத்துக்குச் சரக்கு விற்றாக வேண்டும். அத்தனை மூட்டை ஏற்றி இறக்கிச் சேர்த்த பணத்தை, பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்துக் கொடுத்துவிட முடியுமா?

நாமோ கணினி நிபுணர்கள் அல்ல. ஆனால் சரக்கைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள். மிளகாயைக் கிள்ளிப் பார்க்கிறோம், துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். அந்தக் கண்ணோடு இந்தச் சரக்கையும் பார்த்துவிடலாம் என்று விசாரிக்கத் தொடங்கினோம். விசாரித்ததை இங்கே தருகிறோம்.

இது என்ன சரக்கு?

இரண்டு கையாலும் பிடிக்கும்படி நடுவில் திரையும் இருபுறமும் பொத்தான்களும் கொண்ட ஒரு முழுக் கணினி இது. நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கருவிகளும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் அவற்றில் அந்தக் கம்பெனிக்கென்று வெளியிடப்பட்ட விளையாட்டுகள் மட்டுமே ஓடும். கையடக்கக் கணினியில் மேசைக் கணினிக்கென வெளிவரும் விளையாட்டுகள் ஓடும். வீட்டுக் கணினியில் ஏற்கெனவே வாங்கிய விளையாட்டுக்கு இதில் மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை. விசைப்பலகையும் திரையும் இணைத்தால் மேசைக் கணினியாகவும் வேலை செய்யும்.

இந்த வகையைப் பலரும் அறியச் செய்தது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம். அதன் ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரி இறுதியில் விற்பனைக்கு வந்தது. 2023 ஜூனில் தைவானின் ஆசுஸ் நிறுவனம் ஆர்.ஓ.ஜி. அலாய் என்பதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு கடைசியில் லெனோவோவின் லீஜியன் கோ வந்தது. 2024ல் எம்.எஸ்.ஐ. நிறுவனத்தின் கிளா வந்தது. 2025 அக்டோபரில் ஆசுஸும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எக்ஸ்பாக்ஸ் பெயர் தாங்கிய அலாய் கருவிகளை விற்பனைக்கு விட்டன. பெயர்கள் பல இருந்தாலும், வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை சில விஷயங்கள்தான்.

விற்பவருக்கு லாபம் எதில்?

எந்தச் சரக்கிலும் நாம் முதலில் பார்ப்பது, கொடுப்பவருக்கு லாபம் எதில் நிற்கிறது என்பதைத்தான். சர்க்கரையை அடக்க விலைக்கே கொடுக்கும் கடைக்காரர் மற்ற சாமான்களில் அதை எடுத்துவிடுவார். இது நமக்குப் புதிதா?

வால்வ் நிறுவனம் கணினி விளையாட்டு விற்கும் பெரிய கடை ஒன்றை வைத்திருக்கிறது. ஸ்டீம் என்ற அந்த இணையக் கடை 2003ல் தொடங்கியது. அதில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வழக்கமான கழிவு நூற்றுக்கு 30. 2018 முதல் ஒரு விளையாட்டின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் மேற்கொண்டு விற்பதற்கு 25, 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 என்று குறைத்துக்கொள்கிறார்கள். கூடுதலாகச் சரக்கு தள்ளுபவருக்குக் கூடுதல் சலுகை என்ற நம் கணக்குத்தான்.

ஆகவே கருவியில் லாபம் குறைந்தாலும் வால்வுக்குக் கவலையில்லை. முதல் ஸ்டீம் டெக்கின் தொடக்க விலை 399 டாலர். அந்த விலைக்கு இறங்கி வருவது தங்களுக்கு வலித்தது என்ற பொருளில், நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் 2021லேயே பேட்டி கொடுத்தார். ஆசுஸ், லெனோவோ, எம்.எஸ்.ஐ. ஆகியோருக்கு அப்படிப்பட்ட விளையாட்டுக் கடை கிடையாது. கருவியை விற்றுத்தான் அவர்கள் லாபம் பார்க்க வேண்டும். எனவே அலாய், லீஜியன் கோ இரண்டுமே அமெரிக்காவில் 699 டாலரில் தொடங்கின. அந்தக் கூடுதல் விலைக்கு ஈடாக வேகமான சில்லு, கூர்மையான திரை என்று சேர்த்துக் கொடுத்தார்கள்.

இதில் நல்லவர், கெட்டவர் என்று யாருமில்லை. குறைந்த விலைக்குக் கருவி கொடுத்தவர் தன் கடைக்கு வாடிக்கை சேர்க்கிறார். கூடுதல் விலைக்குக் கொடுப்பவர் எண்களைக் காட்டி விற்கிறார். நாம் முன்னதில் மலிவைப் பார்த்தும் பின்னதில் எண்களைப் பார்த்தும் மயங்காமல் இருந்தால் போதும்.

பழைய கணக்கு ஒன்று

எண் பெரிதாக இருப்பதுதான் வெல்லும் என்பதில்லை. 1989ல் நின்டெண்டோ கேம் பாய் என்ற கைக்கருவியை விற்பனைக்கு விட்டது. பச்சை பாய்ந்த திரை, வண்ணமே கிடையாது. அமெரிக்காவில் விலை சுமார் 90 டாலர். அதே ஆண்டு அட்டாரி நிறுவனம் லின்க்ஸ் என்ற வண்ணத்திரைக் கருவியைச் சுமார் 180 டாலருக்கு விற்றது. பின்னாலேயே செகா நிறுவனத்தின் கேம் கியர் வந்தது. அதுவும் வண்ணம்தான், சுமார் 150 டாலர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வண்ணத்தின் முன்னால் கேம் பாய் அழுது வடியும்.

வென்றது அந்த அழுது வடிந்த கருவியே! கேம் கியரில் ஆறு பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாயில் நான்கு பேட்டரி போட்டால் பல மணி நேரம் ஓடும். விலை குறைவு, கீழே விழுந்தாலும் தாங்கும், விளையாட்டுகளும் நிறைய. அதை வடிவமைத்த குன்பெய் யோக்கோய், விலை இறங்கிப் பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். கூர்மையான திரை என்று விற்பவர் பேச ஆரம்பித்ததும் இந்தக் கதையை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பிள்ளையிடம் "எந்தக் கருவி வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "எந்தெந்த விளையாட்டு ஆடுவாய்? பத்து பெயர் எழுதிக் கொடு" என்று கேளுங்கள். பாதி முடிவு அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. காரணம் சொல்கிறோம்.

இந்தக் கருவிகளில் இரண்டு குடும்பம் உண்டு. அலாய், கிளா, முதலில் வந்த லீஜியன் கோ ஆகியவை நம் கடைக் கணினியில் உள்ள அதே விண்டோஸில் ஓடுபவை. ஸ்டீம் டெக் ஓடுவது லினக்ஸ் வழிவந்த ஸ்டீம் ஓ.எஸ்.ஸில். லெனோவோவும் 2025 மே மாதத்தில் லீஜியன் கோ எஸ் என்ற கருவியை ஸ்டீம் ஓ.எஸ். போட்டு விற்பனைக்கு விட்டது.

விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. ஸ்டீம் ஓ.எஸ்.ஸில் புரோட்டான் என்றொரு ஏற்பாடு நடுவில் நின்று, துபாஷி போல மொழிபெயர்த்து அவற்றை ஓட வைக்கிறது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இப்படி நன்றாகவே ஓடுகின்றன. ஸ்டீம் கடையில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் அது டெக்கில் ஓடுமா என்பதற்கு ஒரு குறி இருக்கும். பச்சைக் குறி இருந்தால் தடையில்லை, மஞ்சள் இருந்தால் சிறு சங்கடங்களோடு ஓடும்.

ஓடாதவையும் உண்டு. நண்பர்களோடு இணையத்தில் போட்டியிடும் விளையாட்டுகளில், யாரும் திருட்டு வழியில் ஜெயிக்காதபடி ஒரு காவலரைப் போட்டிருப்பார்கள். சில கம்பெனிகளின் காவலர் லினக்ஸை வாசலிலேயே நிறுத்திவிடுவார். வேலரண்ட், ஃபோர்ட்நைட் ஆகியவை இந்த வகை. 2024 செப்டம்பரில் ஜி.டி.ஏ. ஆன்லைனில் புதுக் காவலரைப் போட்டதும், அதுவரை ஸ்டீம் டெக்கில் ஓடிக்கொண்டிருந்த அந்த விளையாட்டு நின்றுபோனது. வாங்கும்போது ஓடுவது பின்னால் ஓடாமலும் போகலாம் என்பதற்கு இது சாட்சி.

அப்படியானால் விண்டோஸ்தான் சிறந்ததா? அதற்கும் குறை உண்டு. மேசைக்கென்று செய்த ஏற்பாடு உள்ளங்கைத் திரையில் இடறும். விளையாட உட்காரும்போது புதுப்பிப்பு வந்து நிற்கும். தூங்க வைத்துப் பைக்குள் போட்ட கருவி தானாக விழித்துச் சூடேறுவதும் உண்டு. ஸ்டீம் ஓ.எஸ். கருவியில் பொத்தானை அழுத்தினால் தூங்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். விண்டோஸ் கருவிகளுக்கும் விளையாட்டுக்கு ஏற்ற முழுத்திரை முகப்பை மைக்ரோசாஃப்ட் 2025 இறுதியில் கொண்டுவந்தது. இருந்தாலும் உள்ளே இருப்பது விண்டோஸ்தான்.

சுருங்கச் சொன்னால், சீட்டில் தனியாக ஆடும் கதை விளையாட்டுகள் அதிகமென்றால் ஸ்டீம் ஓ.எஸ். குடும்பம் சுகம். நண்பர்களோடு ஆடும் போட்டி விளையாட்டுகள் அதிகமென்றால் விண்டோஸ் குடும்பம் பத்திரம்.

எண்களைப் படிப்பது எப்படி?

பெட்டியின் மேல் எண்கள் வரிசையாக இருக்கும். ஐந்தே எண்களைப் பாருங்கள்.

முதலாவது, திரைப் புள்ளிகள். ஸ்டீம் டெக்கில் 1280க்கு 800. பெருக்கினால் சுமார் 10 லட்சம் புள்ளிகள். அலாயில் 1920க்கு 1080, சுமார் 21 லட்சம். லீஜியன் கோவில் 2560க்கு 1600, சுமார் 41 லட்சம். புள்ளி கூடினால் படம் கூர்மை என்பது உண்மைதான். ஆனால் அத்தனை புள்ளிக்கும் ஒவ்வொரு நொடியும் பலமுறை வண்ணம் பூசுவது உள்ளே இருக்கும் ஒரே சில்லு. ஒரு மூட்டை தூக்குபவர் தலையில் நான்கு மூட்டை ஏற்றினால் நடை தளரத்தான் செய்யும். எனவே பெரிய விளையாட்டுகளில் அந்தக் கூர்மையைக் குறைத்து வைத்துத்தான் ஆடுகிறார்கள். ஏழு, எட்டு அங்குலத் திரைக்கு முதலிரண்டு அளவே தாராளம்.

இரண்டாவது, பேட்டரி. இதை வாட்-மணி என்ற கணக்கில் சொல்வார்கள். நம் மின் கட்டண அட்டையில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. முதல் ஸ்டீம் டெக், முதல் அலாய் இரண்டிலும் 40 வாட்-மணி. 2023 நவம்பரில் ஓ.எல்.இ.டி. திரையோடு வந்த ஸ்டீம் டெக்கில் 50. 2024ல் வந்த அலாய் எக்ஸில் 80. பெரிய விளையாட்டு ஆடும்போது கருவி மொத்தம் 25 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 40ஐ 25ஆல் வகுக்க ஒன்றரை மணிக்குச் சற்றுக் கூடுதல். 80 என்றால் மூன்று மணிக்குச் சற்றுக் கூடுதல். மதுரையிலிருந்து சென்னை போகும் பகல் ரயிலில் எது எந்த ஊர் வரை தாங்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்! முதல் டெக்குக்கு 2 முதல் 8 மணி நேரம் என்றும், ஓ.எல்.இ.டி. டெக்குக்கு 3 முதல் 12 மணி நேரம் என்றும் வால்வ் சொன்னது. இப்படி இரண்டு எண் சொன்னால் சிறிய எண்ணை எடுத்துக்கொள்வதுதான் வியாபாரி புத்தி. மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 80 வாட்-மணி ஏற்றினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

மூன்றாவது, ராம் என்னும் வேலை நினைவகம். நான்காவது, எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பிடம். இவற்றைக் கடை மேசை, கிடங்கு என்று புரிந்துகொள்ளலாம். கிடங்கில் எத்தனை மூட்டை இருந்தாலும், மேசையில் எடுத்து வைத்ததைத்தான் உடனே கட்டிக் கொடுக்க முடியும். மேசை சிறிதென்றால் வாடிக்கையாளர் நிற்க நேரும். இந்தக் கருவிகளில் மேசையைப் பின்னால் பெரிதாக்க முடியாது, பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள். ஆகவே 16 ஜி.பி.க்குக் குறைந்து வாங்காதீர்கள். புது விளையாட்டுகளுக்கு 24 ஜி.பி. இருந்தால் நிம்மதி. கிடங்கை மெமரி கார்டு போட்டு விரிக்கலாம், எஸ்.எஸ்.டி.யை மாற்றவும் செய்யலாம். பால்டர்ஸ் கேட் 3 என்ற ஒரே விளையாட்டுக்கு 150 ஜி.பி. இடம் கேட்கிறார்கள். 256 ஜி.பி. கிடங்கில் அப்படி இரண்டு அடங்காது. 512 ஜி.பி. என்பதை நடுத்தரக் கிடங்காகக் கொள்ளலாம்.

ஐந்தாவது, எடை. இது நம் துறை! முதல் அலாய் 608 கிராம். ஓ.எல்.இ.டி. டெக் 640 கிராம். கழற்றி மாட்டும் பிடிகளோடு முதல் லீஜியன் கோ 854 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். 200 கிராம் வித்தியாசம் என்னவென்று பிள்ளைக்கே புரியும். லீஜியன் கோவின் திரை 8.8 அங்குலம், பின்னால் தாங்கு பலகையும் உண்டு. மேசைமேல் நிறுத்தி ஆடுபவருக்கு அந்த எடை பாரமாகத் தெரியாது, படுத்துக்கொண்டு ஆடுபவருக்குத் தெரியும்.

பில் எங்கே?

நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஸ்டீம் டெக் முதலில் விற்பனைக்கு வந்தது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய நாடுகளில். 2022 இறுதியில் ஜப்பான், தென்கொரியா, தைவான், ஹாங்காங் சேர்ந்தன. 2024 நவம்பரில் ஆஸ்திரேலியா சேர்ந்தது. இந்த வரிசையில் இந்தியா இல்லை. இங்கே கைமாறிய டெக்குகள் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தவை, இல்லையென்றால் தனி இறக்குமதியாளர் வரவழைத்தவை. அவற்றின் விலையில் இறக்குமதிச் செலவும் தரகும் ஏறியிருக்கும். 399 டாலர் என்ற அந்த மலிவு நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும். பழுதானால் யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஆசுஸ் தன் அலாயை 2023 ஜூலையில் இந்தியாவிலேயே ரூ.69,990க்கு விற்பனைக்கு விட்டது. இந்திய பில், இந்திய உத்தரவாதம். இந்த வேறுபாட்டை ரூபாயில் மதிப்பிடாமல் ஒப்பிடுவது தவறு. இதே அலாய் வந்த புதிதில், சூடு ஏறும்போது மெமரி கார்டு செருகும் இடம் சிலவற்றில் பழுதாகலாம் என்று அந்த நிறுவனமே 2023ல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தின் கீழ் சரிசெய்து கொடுக்க முன்வந்தது. கையில் முறையான பில் வைத்திருந்தவருக்கு அது வெறும் அலைச்சல். பில் இல்லாதவருக்கு அது நஷ்டம்.

இவற்றில் முதலில் தேய்வது கட்டைவிரலால் அசைக்கும் குச்சி. நாளானதும் தொடாமலே ஒருபக்கம் இழுக்கத் தொடங்கும். லீஜியன் கோ, கிளா ஆகியவற்றில் காந்தத்தால் இயங்கும் குச்சிகள். அவை உராய்வதில்லை என்பதால் நீடித்து உழைக்கும். ஸ்டீம் டெக்குக்கோ உதிரி பாகங்களை ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2022 முதல் விற்கிறது. திருப்புளி பிடிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கருவி வாங்கினால், குச்சிகளைச் சுழற்றிப் பாருங்கள். அரைமணி நேரம் ஓடவிட்டு பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கார்டைச் செருகிப் பாருங்கள். அசல் பில்லும் சார்ஜரும் இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

கருவி விலையோடு கணக்கு முடிவதில்லை. உறை, மெமரி கார்டு, திரைக் காப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டுகளின் விலை என்று பின்னாலேயே வரும். யானை வாங்கியவர் அங்குசத்துக்கு யோசித்தால் ஆகுமா? முதலிலேயே இதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிட வேண்டும்.

ஸ்டீம் கடையில் 2015 முதல் ரூபாய் விலையிலேயே வாங்கலாம். நம் ஆடித் தள்ளுபடி போலக் கோடையிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி விற்பனை நடத்துகிறார்கள். பாதி விலைக்கும் அதற்குக் கீழும்கூடப் பல விளையாட்டுகள் கிடைக்கும். பொறுத்து வாங்குபவருக்கு அங்கும் லாபம். இன்னொன்று நம்மவர்களை ஆச்சரியப்படுத்தும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பிடிக்கவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தன் கருவியில் ஓடவில்லை என்றாலும் இதே வழிதான்.

விலை எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. செயற்கை நுண்ணறிவுக்கென்று பெரிய கணினி நிலையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டதால், 2025 பிற்பகுதியில் அவற்றின் விலை உலகெங்கும் ஏறியது. அதே ஆண்டு டிசம்பரில் பழைய எல்.சி.டி. திரை டெக்கின் உற்பத்தியை வால்வ் நிறுத்தியது. சந்தையில் சரக்கு சுருங்கினால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனவே பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாமல், வாங்கும் நாளில் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது?

பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்கிறான், மேசையும் இருக்கிறது என்றால் இந்தக் கருவியே தேவையில்லை. அதே பணத்துக்கு மேசைக் கணினி கூடுதல் வேகம் கொடுக்கும், பத்து வருஷம் பாகம் பாகமாக மாற்றிக்கொள்ளவும் முடியும். கையில் ஏற்கெனவே நல்ல மடிக்கணினி இருந்தால் விளையாட்டுப் பிடி ஒன்று மட்டும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

விடுதியில் தங்கிப் படிப்பவர், அடிக்கடி பயணம் போகிறவர், மேசை போட இடமில்லாதவர் ஆகியோருக்கே இது பொருந்தும். அவர்களிலும் கதை விளையாட்டுக்காரருக்கு ஸ்டீம் ஓ.எஸ். குடும்பம், பழுது பார்க்க வழி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு. போட்டி விளையாட்டுக்காரருக்கு இந்திய பில்லோடு விண்டோஸ் குடும்பம், அதிலும் பேட்டரி பெரியது. பெரிய திரை வேண்டும், பெரும்பாலும் மேசைமேல்தான் என்பவருக்கு லீஜியன் கோ வகை. அரசுத் தேர்வு எழுதும் ஆண்டில் யாருக்கும் எதுவும் வேண்டாம்!

கல்லா வேறு, விளையாட்டு வேறு

விண்டோஸ் கருவியில் டாலி போன்ற கணக்கு மென்பொருளும் ஓடும். "அப்பா, கடைக் கணக்கையும் இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளை ஆசை காட்டுவான். சம்மதிக்காதீர்கள். கண்ட இடத்திலிருந்து விளையாட்டையும் துணுக்கையும் இறக்கும் கருவியில் பேரேட்டையும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் வைப்பது, கல்லாப்பெட்டியைத் தெருத் திண்ணையில் வைப்பதற்குச் சமம்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறோம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி போன்ற சூதாட்டத்தைத் தடுக்க நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. 2025ல் நாடு முழுமைக்கும் தனிச் சட்டம் நிறைவேறியது. கையடக்கக் கணினியில் பிள்ளைகள் ஆடும் இந்த விளையாட்டுகள் அந்த ரகமல்ல, புத்தகம் வாங்குவது போல விலை கொடுத்து வாங்குபவை. ஆனால் விளையாட்டுக்குள்ளேயே உடுப்பு, ஆயுதம் என்று சில்லறையாகப் பணம் கறக்கும் வேலையும் உண்டு. ஆகவே உங்கள் வங்கிக் கார்டை அதில் பதிந்து வைக்க விடாதீர்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று தொகை பேசிக்கொண்டு, அதை மட்டும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று

நம் உறுப்பினர் அன்றிரவு வீட்டுக்குப் போய்ப் பையனிடம் சீட்டு எழுதச் சொன்னார். ஒரு வாரம் கழித்து நம்மைப் பார்க்க வந்தபோது அந்தச் சீட்டைக் காட்டினார். பத்துப் பெயர்கள். எதிரே எத்தனை ஜி.பி., எந்தக் குடும்பத்தில் ஓடும், தள்ளுபடியில் என்ன விலை என்று கட்டம் போட்டு எழுதியிருந்தான் பையன். பத்தில் நான்கு விடுதி நண்பர்களோடு ஆடுபவை. அவை ஸ்டீம் ஓ.எஸ்.ஸில் ஓடாதவை. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரிடம் டெக் சொல்லி அனுப்பலாம் என்றிருந்த யோசனையை, கட்டத்தைப் பார்த்து அவனே கைவிட்டுவிட்டான்.

"தீபாவளிச் சரக்குப் பணத்தில் கை வைக்க மாட்டேன். வசூல் முடிந்து தை பிறந்ததும் பார்க்கலாம் என்றேன். சரி என்றுவிட்டான். அண்ணாச்சி, அவன் இவ்வளவு சுத்தமாகக் கணக்கு எழுதுவான் என்று எனக்கு இதுவரை தெரியாது. கடை கடை என்று இருந்துவிட்டேன்" என்றார்.

வணிகப் பெருமக்களே! பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது உடனே இல்லை என்பதும் சுலபம், உடனே பணத்தை எடுத்து வீசுவதும் சுலபம். பக்கத்தில் உட்கார வைத்து, சரக்கைப் பார்ப்பது எப்படி, விலை கேட்பது எப்படி, காத்திருப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதுதான் கடினம். கருவி ஐந்து வருஷத்தில் பழசாகிவிடும். சீட்டு எழுதிப் பார்த்து வாங்கும் பழக்கமோ, நாளை அவன் கடையில் உட்கார்ந்தாலும் வேறு தொழிலுக்குப் போனாலும் அவனோடு போகும்.

எடைபோட்டு வாங்குவோம்! ஏமாறாமல் வாழ்வோம்!